மஞ்சள் மிதவையை ஒரு கம்பம் தள்ளிப் போடக் கோரும் மனு

அனுப்புநர்
நங்கூரத்தம்மா,
படகு ஓட்டுநர் (படகு எண் 41),
வலைக்கூடத்துக்குப் பின்புறம் மூன்றாவது வீடு,
மீன்பிடித் துறைமுகக் குடியிருப்பு.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கடலடித் தொல்பொருள் ஆய்வுப் பிரிவு,
துறைமுக அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: மூழ்கிய பீரங்கிக் கப்பலைத் தேடும் பணி – மிதவை தவறான இடத்தில் நிற்பது – தவறு முழுவதும் என்னுடையது – நீர்மூழ்கி எண் மூன்றின் மீதான குற்றச்சாட்டை நீக்கவும், அவரை அவ்விடத்தில் இனி இறக்காதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. அடையாளம் குறித்து நான் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலம்.
2. நீர்மூழ்கி எண் மூன்றுக்கு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் கேட்டு அனுப்பப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்து எழுத இரண்டு முறை முயன்றேன். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து சன்னலுக்குப் போய் மிதவையைப் பார்த்துவிட்டு வருவதால், நின்றே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். இதற்கு முன் எங்கள் வீட்டிலிருந்து அரசு அலுவலகங்களுக்குப் போன மனுக்கள் எல்லாம் என் மூத்த மகள் எழுதியவை. அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். இந்த ஒரு மனுவை அவளிடம் எழுதித் தரச் சொல்ல முடியாது. ஏனென்றால் பொருளில் குறிப்பிட்டுள்ள நீர்மூழ்கி எண் மூன்று அவள்தான். தங்கள் பிரிவில் பணிபுரிபவரை 'அவர்' என்று எழுதுவதே முறை என்று எனக்குத் தெரியும். பெற்ற கை 'அவள்' என்றே போகிறது, பொறுத்தருள வேண்டும்.

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் படகு ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் கடலடியில் சிக்கிய வலைகளை இறங்கி விடுவித்துக் கொடுக்கும் தொழில் செய்தவர். படகில் உள்ள கம்ப்ரஸரிலிருந்து ரப்பர் குழாய் வழியாக அவருக்குக் காற்று போகும். அவர் கீழே இருக்கும் நேரம் முழுவதும் படகு இடம் பெயராமல் நிற்க வேண்டும். வலை சிக்கும் இடத்தில் நங்கூரம் போட்டால் அதுவும் சிக்கிக்கொள்ளும். ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு துடுப்புகளையும் கரையைப் பார்க்கும் என் கண்களையும் வைத்துப் படகை நிறுத்திப் பிடிப்பேன். எனக்கு இந்தப் பெயர் வந்தது அப்படித்தான். துறைமுகத்தில் கேலிக்கு வைத்த பெயர், இப்போது ரேஷன் கடைக்காரரும் அதைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்.

2. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய படகின் வலை அடியில் மாட்டிக்கொண்டது. பாறை என்று நினைத்து என் வீட்டுக்காரர் இறங்கினார். மேலே வந்து வாய்க்குழாயைத் துப்பியதும் அவர் சொன்ன சொற்களைத் தங்கள் கோப்புக்காக அப்படியே தருகிறேன்: "பாறை இல்லடி. குழாய் மாதிரி உருண்டையா இருக்கு. ஒரு பக்கம் வாய் இருக்கு. கைய விட்டுப் பார்த்தேன், உள்ள இருந்தவன் கடிச்சுட்டான்." கடித்தது விலாங்கு மீன். உருண்டையாக இருந்தது பீரங்கி.

3. அதன் பிறகு அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அங்கே பல முறை போனோம். அந்த ஆழத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கும். கண்ணால் பார்த்து எண்ண முடியாது. தொட்ட பீரங்கியையே மறுபடி தொட்டு எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வலைக்கயிற்றைக் கட்டிவிட்டு வருவார். பத்தொன்பது கயிறுகள் கட்டினார். அவற்றில் பதினேழு, சிப்பியும் துருவும் ஏறிக் கரடுமுரடாகக் கிடப்பவை. இரண்டு மட்டும் வழவழப்பாக, குளிர்ந்து, சொறியே பிடிக்காமல் இருக்கின்றன. அவை இரும்பாக இருக்காது, வெண்கலமாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தங்கள் பிரிவின் ஆட்கள் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தால்.

4. புதையல் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விசாரணைக்கு வந்தவரும் கேட்டார், மீன் ஏலம் விடுபவரும் கேட்கிறார். தங்கமோ வெள்ளியோ எங்கள் கையில் படவில்லை. பின்பக்கத்து மூன்று பீரங்கிகளுக்கு அடியில் மரப்பலகைகள் மண்ணில் புதைந்து கிடப்பதாகவும், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றும் என் வீட்டுக்காரர் சொல்வார். அதைத் தோண்டிப் பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. எனக்கு இல்லை. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது பற்றிப் பத்தி 10இல் ஒப்புக்கொள்கிறேன்.

5. இனி என் தவறு. அதை விளக்க எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலில் ஓர் இடத்துக்குத் திரும்பப் போகக் கரையைப் பார்ப்போம். கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து தெரிவது ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டு பொருள்கள் சேர்ந்து தெரிவது இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் படகு நின்றால் இடம் சரி. இதற்கு அடையாளம் என்று பெயர். படகில் இடங்காட்டும் கருவியும் உண்டு. ஆனால் கருவியில் பதிந்ததைப் படகு கழுவ வருபவர்கூடப் பார்த்துவிடலாம் என்பதால், அந்த ஓர் இடத்தை மட்டும் நாங்கள் பதிந்ததே இல்லை.

எங்கள் துறைமுகத்தில் யாரும் அடையாளத்தை உள்ளது உள்ளபடி வெளியே சொல்வதில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதோ மரியாதைக் குறைவு. எனவே சொல்வோம், கொஞ்சம் தள்ளிச் சொல்வோம். கேட்பவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார். அவருக்கும் அது தள்ளிச் சொன்னது என்று தெரியும், அவரும் நாளைக்கு நம்மிடம் அப்படித்தான் சொல்வார். இதை இங்கே யாரும் பொய் என்று நினைப்பதில்லை. எவ்வளவு தள்ளுவது என்பது அந்தந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் வீட்டுத் தள்ளல் ஒரு கம்பம்.

6. என் மகள் நீர்மூழ்கிப் பயிற்சி முடித்துத் தங்கள் பிரிவில் சேர்ந்த பிறகு, "எங்க அம்மாவுக்கு இடம் தெரியும்" என்று அதிகாரிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தேடும் கப்பல் இங்கே வந்ததே அவளுடைய அந்த ஒரு பேச்சால்தான். என் படகு எஞ்சின் பழுதாகி ஐந்து மாதமாகக் கரையில் கிடப்பதால், கடலில் போய்க் காட்டச் சொல்லாமல் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நீளமான மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பைகளை வைத்து அழுத்தியிருந்தார்கள். நில அளவையாளர், அவருடைய உதவியாளர்கள் இருவர், எழுத்தர், கப்பல் தலைவர், ஓட்டுநர் இருவர், கதவருகில் எனக்குத் தெரியாத மூன்று பேர் என்று அறை நிறைய ஆட்கள். அளவையாளர் பேனாவைத் திறந்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

நானும் சொன்னேன். முதல் கோடு: ஐஸ் தொழிற்சாலைப் புகைபோக்கிக்குப் பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது கோடு: கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால், மேட்டின் மீது வரிசையாகப் போகும் மின்கம்பங்களில் மூன்றாவது கம்பம். முதல் கோடு சரி. இரண்டாவது சரியல்ல. அத்தனை அந்நியர் நடுவில் கேட்டதும் வாய் தானாகத் தள்ளிச் சொல்லிவிட்டது. சொன்னதே எனக்கு உறைக்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாக இன்னொருவரிடம் நான் அதை வேறு விதமாகச் சொன்னதில்லை. அளவையாளர் தலையாட்டினார். நம்மவர் தலையாட்டுகிறாரே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அவர் தலையாட்டியது நம்பி என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகு என் மகளை அழைத்து, தாயார் சொன்ன அடையாளம் அவளுக்குத் தெரிந்தவரை சரிதானா என்று கேட்டார்கள். சிறுவயதில் விடுமுறை நாட்களில் எங்கள் படகில் வந்து உட்கார்ந்திருந்தவள் அவள். "சரிதான். மூணாவது கம்பம். சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன்" என்று சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்துத்தான் இன்று அவள் கழுத்தைப் பிடிக்கிறது.

7. மறுநாள் காலை மிதவையைப் போட்டார்கள். நான் துறைமுகச் சுவரின் முனைக்குப் போய்ப் பார்த்தேன். மிதவை நிற்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கரைப்பக்கமாக உள்ளே வந்து நின்றது. நீரோட்டம் இழுத்துவிட்டது போல என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நானே உட்கார வைத்த மிதவை அது என்று புரிந்தது. ஐயா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார். "நான் போயிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அன்றைக்கே மாடி ஏறி வந்து திருத்தியிருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இருந்திருக்காது.

8. நான் வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை. வாய் தவறியது பழக்கத்தால். இந்த ஒன்பது நாள் அப்படியல்ல, தெரிந்தே செய்தது. என்னைத் தண்டிப்பதானால் இதற்குத்தான் தண்டிக்க வேண்டும்.

காரணம் இது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பீரங்கிகளில் சிக்கிய ஒரு வலையை விடுவிக்கப் போன என் வீட்டுக்காரர், கடைசி முடிச்சை அறுத்துவிட்டு வருகிறேன் என்று இருக்க வேண்டியதற்கு மேல் ஒன்பது நிமிடம் அடியில் இருந்துவிட்டார். அவ்வளவு நேரம் அடியில் இருந்தவர் மெதுவாகத்தான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது. குழாயில் காற்று குறைந்ததால் அவசரமாக மேலே வந்தார். படகில் ஏறும்போது நன்றாகத்தான் பேசினார். பாதி வழி வருவதற்குள், "காலு எங்கடி போச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே பாதி உணர்வுதான். இப்போது அவர் வீட்டுக்குள் நடப்பது இரண்டு நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு.

மிதவை தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்தபோது, அந்தப் பாழாய்ப்போன இரும்புக் குவியலில் என் மகள் இறங்க மாட்டாள் என்று நினைத்தேன். வெறும் சேற்றில் இறங்கட்டும், ஒன்றும் கிடைக்காமல் சலித்துப் போகட்டும், கப்பல் திரும்பிப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த ஒன்பது நாளும் நிம்மதியாகச் சோறு தின்றேன். எழுதவே கை கூசுகிறது.

9. பத்தாம் நாள் படகுத்துறைக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு நீர்மூழ்கியும் எத்தனை நிமிடம் கீழே இருந்தார் என்று கரும்பலகையில் எழுதிவைப்பது தங்கள் பிரிவின் வழக்கம். அந்த ஆழத்துக்கு அனுமதி இருபத்திரண்டு நிமிடம் என்று மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறது. மற்றவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு. எண் மூன்றுக்கு நேராக முதலில் இருபத்திரண்டு, பிறகு இருபத்து நான்கு, பிறகு இருபத்தேழு. நேற்று முப்பத்தொன்று. என் வீட்டுக்காரரும் ஒன்பது நிமிடம்தான் கூடுதலாக இருந்தார், ஐயா.

எதுவும் இல்லாத இடம் என்பதால்தான் அவள் அப்படி இருக்கிறாள். பீரங்கி இருக்கும் இடமாக இருந்தால் முதல் நாளே தொட்டுவிட்டு நேரத்தோடு மேலே வந்திருப்பாள். கப்பலை இங்கே வரவழைத்தது தன் வாய்ச்சொல் என்பதால், இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று சேற்றைக் கையால் துழாவிக்கொண்டிருக்கிறாள். ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை மூடிக்கொண்டது, அவளைக் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது. எனக்கு இப்போது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாளுக்கு நான்கு முறை அந்தக் கரும்பலகைக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். பலகையில் எழுதும் ஊழியர் என் தலையைக் கண்டதும் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

10. இதற்கிடையில் தங்கள் பிரிவு மிதவையைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வரை ஒலியலைக் கருவியால் தேடிவிட்டு, அங்கே கப்பல் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது. சேற்றுக்குள் புதைந்திருக்குமோ என்று கப்பல் கிளம்பும்வரை நீர்மூழ்கிகளை மட்டும் இறக்குகிறார்கள். அறிக்கை சரியானதுதான். கப்பல் கிடப்பது மிதவையிலிருந்து ஏறத்தாழ எழுநூறு மீட்டர் கடல்பக்கம். இருநூறு மீட்டரில் தப்பிவிட்டது. புதையலைத் தாங்களே எடுத்துக்கொள்வதற்காகத் தாயும் மகளும் சேர்ந்து அரசை வேண்டுமென்றே திசைதிருப்பினார்கள் என்று அதன்பேரில் என் மகளுக்குக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருக்கிறது. விசாரணைக்காக எங்கள் வீட்டுக்கும் இருவர் வந்தார்கள். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையைத் தட்டிப் பார்த்தார்கள். அரிசித் தகரத்துக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து நகர்த்தி உட்காரவைத்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கப்பலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே பொருள் ஒரு பீரங்கிக் குண்டு. அறைக்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். கடலில் கிடந்தவரை கல்லாக இருந்தது, வீட்டுக்கு வந்த மூன்றாம் ஆண்டிலிருந்து வெங்காயம் போலத் தோல் தோலாக உரியத் தொடங்கியது. வந்தவர்களில் பெரியவர் அறைக்குள் போவதற்காக அதைத்தான் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது இரண்டாமவர் அதில் கால் இடித்துக்கொண்டு, "என்னம்மா, கல்ல வழியில போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கடிந்துகொண்டார். நான் பேசாமல் இருந்தேன். கேட்காததற்குப் பதில் சொல்லாதது குற்றமானால் அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்து வந்தது தவறு என்று இப்போது தெரிகிறது. மிச்சமிருப்பதை இம்மனுவோடு இணைத்திருக்கிறேன்.

11. தவறைத் திருத்த நான் செய்த முயற்சிகள்:

பத்தாம் நாளே இரண்டாம் மாடிக்கு வந்து எழுத்தரிடம் சொன்னேன். அவர் கோப்பைப் பிரித்து, என் பெருவிரல் அளவு முத்திரையைக் காட்டி, "இது அப்ரூவ் ஆன இடம்மா. வாயால சொன்னா மாத்த முடியாது" என்றார். முதலில் சொன்னதும் வாயால்தானே என்று கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு அளவையாளரைப் பார்க்கச் சொன்னார்.

அளவையாளரைப் படிக்கட்டில் பிடித்தேன். அவர் நல்லவர். ஆனால் மேலிடத்திலிருந்து அவருக்கும் ஏச்சு விழுந்திருக்கிறது. "அன்னிக்கு மூணுன்னீங்க, இன்னிக்கு நாலுங்கறீங்க, நாளைக்கு அஞ்சும்பீங்க. நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டுக் கப்பலத் தள்ளுறது?" என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மிதவையைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் மீன்பிடிப் படகுகள் நுழையத் தடை இருப்பதால், வேறு யார் படகிலும் ஏறிப் போய் இடத்தைக் காட்டவும் வழியில்லை. நானே நீந்திப் போய் மிதவையை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன். அரசு மிதவையைத் தொடுவது குற்றம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் ஒருநாள் சுவர் முனையில் செருப்பைக் கழற்றிவிட்டேன். பிறகு மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

12. கடைசியாக என் மகளிடம் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது அவளிடம்தான். பணி முடிந்து வந்து, கொல்லைக் குழாயடியில் தன் ரப்பர் உடையை அலசிக்கொண்டிருந்தாள். மூக்கின் ஓரத்தில் காய்ந்த ரத்தம் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்று, அது நான்காவது கம்பம் என்றும், மூன்றாவது என்பது வெளியாருக்குச் சொல்வது என்றும் சொன்னேன்.

அவள் குழாயை மூடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. வேலை போவது பற்றியோ குறிப்பாணை பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப, நான் சின்ன புள்ளயா படகுல உக்காந்து, இது எந்த இடம்மான்னு கேட்டப்ப, மூணாவது கம்பம்னு சொன்னியே. என்கிட்டயுமாம்மா தள்ளிச் சொன்ன?" என்றுதான் கேட்டாள்.

ஐயா, அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவாளோ என்று அப்படிச் சொன்னேன். பெரியவளானதும் சரியானதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் பெரியவளாகிப் பயிற்சிக்குப் போய்விட்டாள், எனக்கு மறந்துவிட்டது. மறந்தது என்பதுகூடச் சரியில்லை. அவளிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவள் அந்த மூன்றாவது கம்பத்தை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டு வளர்ந்து, தங்கள் மேசையில் அதற்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். தங்கள் விசாரணைக்குத் தேவையான விடை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. தெரிந்து பொய் சொன்னவள் இப்படிக் கேட்கமாட்டாள்.

அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு கப்பல் ஊழியர் விடுதிக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. விடுதி வாசலில் காவலாளி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார், உள்ளே விடுவதில்லை. நாலாவது கம்பம் என்று அவளே அளவையாளரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் நேரில் சொன்னதையும் அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். இன்னும் அந்தச் சேற்றில்தான் இறங்குகிறாள்.

13. வாய்ச்சொல் செல்லாது என்று எழுத்தர் சொன்னதால், உண்மையான அடையாளத்தை இங்கே எழுத்தில் தருகிறேன். எங்கள் வீட்டில் இதை யாரும் தாளில் எழுதியதில்லை. எழுதலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இரண்டு நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டு சன்னல்வரை நடந்து வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எழுது. புள்ள மேல வரட்டும்" என்றார்.

முதல் கோடு: ஐஸ் தொழிற்சாலைப் புகைபோக்கியும் அதன் பின்னால் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும். புகைபோக்கி தொட்டியின் நடுவில் அல்ல, இடப்பக்க விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

இரண்டாம் கோடு: கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் மேட்டின் மீது நான்காவது மின்கம்பமும். கடலிலிருந்து பார்க்கும்போது இடமிருந்து எண்ண வேண்டும். நான்காவது கம்பத்தின் குறுக்குச் சட்டம் லேசாகச் சாய்ந்திருக்கும்.

சரியான இடம்தானா என்பதற்குச் சாட்சி: அடி சேறாக இருக்காது, சிப்பி கலந்த மணலாக இருக்கும். தொடும் முதல் பீரங்கியில் வலைக்கயிறு கட்டியிருக்கும். பச்சை நைலான் கயிறு, இரட்டை முடிச்சு. நைலான் அழுகாது.

14. ஆகவே ஐயா அவர்கள்:

(அ) வேறு எதற்கும் முன்பாக, எண் மூன்றை நாளைக் காலை அந்த மிதவையடியில் இறக்காமல் நிறுத்தி, மருத்துவரிடம் காட்ட உத்தரவிட வேண்டும். மற்றவை ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்லை, இது தாமதமாகக் கூடாது.

(ஆ) மிதவையை ஒரு கம்பம் கடல்பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். காற்று திரும்பப் போகிறது. கப்பல் இருபதாம் தேதி கிளம்புவதாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருநாள் போதும். என் சொல்லில் நம்பிக்கை இல்லையானால் என்னையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம். இடத்தில் நிறுத்திப் பிடிப்பதற்கு என் பெயரே உத்தரவாதம். கயிறு கட்டிய பீரங்கி இல்லையென்றால் திரும்பும்போது என்னை நேராகக் காவல் நிலையத்தில் இறக்கிவிடலாம்.

(இ) தவறான தகவல் கொடுத்தது, தெரிந்தும் ஒன்பது நாள் மறைத்தது, குண்டை எடுத்து வந்தது ஆகிய மூன்றுக்கும் நடவடிக்கையை என் மீது எடுத்து, என் மகளின் பணிப் பதிவேட்டில் எந்தக் கறையும் விழாமல் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்.

(ஈ) அந்தப் பீரங்கிகளை முதலில் தொடும் வாய்ப்பை அவளுக்கே கொடுக்க வேண்டும், இருபத்திரண்டு நிமிடத்துக்குள். இது மனுவில் கேட்கக்கூடியதா என்று எனக்குத் தெரியாது. அங்கே அவள் இறங்கவே கூடாது என்று ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் கேட்கிறேன் என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன்.

நாளைக் காலை அலுவலகம் திறக்கும்போது நான் படிக்கட்டில் நிற்பேன். விரட்ட வேண்டாம் என்று காவலரிடம் சொல்லிவைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இடம்: மீன்பிடித் துறைமுகக் குடியிருப்பு
நாள்: 14, செவ்வாய்க்கிழமை

இம்முறை உண்மையுள்ள,
நங்கூரத்தம்மா
(கையொப்பம்)

இணைப்பு: பீரங்கிக் குண்டின் உள்கரு ஒன்று, அதிலிருந்து உதிர்ந்த துருத்தூள், பவுடர் டப்பாவில்.

நகல்: நீர்மூழ்கி எண் மூன்று, கப்பல் ஊழியர் விடுதி. காவலாளி கதவிடுக்கில் போட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலே உள்ளதே அப்படியே, ஒரு கம்பம்கூடத் தள்ளாமல்.